கொத்தவரைக்கு வந்த யோகம்

எங்கள் வீட்டில் கொத்தவரங்காய் சமைக்கிற நாளைச் சிறு வயதில் நான் ஒரு துக்க தினமாகவே அனுஷ்டித்து வந்தேன். கத்தரிக்காய்க்கு ஒரு கட்சி உண்டு. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று அதற்கு ஒரு சிபாரிசு உண்டு. வாழைக்காயைக் கல்யாணத்திலும் கேட்பார்கள், திவசத்திலும் கேட்பார்கள். கொத்தவரங்காய்க்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அதைக் கறி பண்ணிப் போட்டால், "பாவம், இவர்களுக்கு என்ன கஷ்டமோ!" என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஆனால் என் அத்தை அதை விடமாட்டாள். மலிவாக வரும் நாட்களில் கூடை கூடையாக வாங்குவாள். உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, மொட்டை மாடியில் பழைய வேஷ்டியை விரித்து உலர்த்துவாள். காக்கை ஓட்டும் உத்தியோகம் என்னுடையது. நன்றாகச் சுருண்டு காய்ந்த பிறகு தகர டின்னில் அடைத்து மூடி, "ஐப்பசி மழையில் கடைக்குப் போக முடியாதபோது இதன் அருமை தெரியும், பார்!" என்பாள். மழை நாளில் அந்த வற்றலை எண்ணெயில் பொரித்துக் குழம்புச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் போடும்போது, காலையில் துக்கம் அனுஷ்டித்த நானே இரண்டாம் தடவை கேட்பேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் காயை முற்றவிட்டு எடுக்கும் விதையை வாங்குவதற்காக அமெரிக்காவின் பெரிய பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் போட்டி போடும் என்றும், 2012-ஆம் வருஷத்தில் அதன் விலை நாளுக்கு நாள் ஏறுவதைக் கண்டு சர்க்காரே கலங்கிப்போகும் என்றும் அந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால், அத்தை முதலில் சிரித்திருப்பாள். பிறகு டின்னைப் பூட்டி வைத்திருப்பாள்.

அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் நமக்கு இது ஒரு காய். கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் கொத்தவரை; தெற்கத்திச் சீமையில் சீனி அவரை என்பார்கள். ராஜஸ்தானத்தில் இது காய் மட்டும் அல்ல. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் ஆகாரம். அங்கே இதன் பெயர் குவார். பசுவின் ஆகாரம் என்று பொருள்படும் 'கௌ ஆஹார்' என்பதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். பெயர்களுக்கு இப்படிக் காரணம் கண்டுபிடிப்பது நம் தேசத்தில் ஒரு குடிசைத் தொழிலாதலால், இதை நான் முழுக்க நம்பும்படி வற்புறுத்தவில்லை. ஆனால் உலகத்தில் விளையும் குவாரில் ஐந்தில் நான்கு பங்கு இந்தியாவில்தான் விளைகிறது, அதில் பெரும் பகுதி ராஜஸ்தானத்தில் விளைகிறது என்பது நிச்சயமான விஷயம். மிச்சத்தில் பெரும்பாலும் பாகிஸ்தானில். சிந்துவின் மணலுக்கும் மார்வாரின் மணலுக்கும் நடுவே கோடு கிழித்தவர்கள் செடியைக் கேட்டுக்கொண்டு கிழிக்கவில்லை அல்லவா?

இவ்வளவு நம்முடையதாகிவிட்ட செடி நம் நாட்டில் எங்குமே காட்டுச் செடியாக முளைத்ததில்லை என்பதுதான் விசித்திரம். நெல்லுக்குக் காட்டு நெல் உண்டு. துவரைக்குக் காட்டுத் துவரை உண்டு. குவாருக்கு இங்கே உற்றார் உறவினர் கிடையாது. அதன் பங்காளிகளெல்லாம் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள்! ஸஹாராவுக்குத் தெற்கே, வறண்ட சீமைகளில், இதே ஜாதியைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடி இன்றும் முளைத்துக் கிடக்கிறது. அப்படியானால் நம்முடைய செடி எப்படி வந்தது?

தியடோர் ஹைமோவிட்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1972-இல் இதற்கு ஒரு விடை சொன்னார். அது ஊகம்தான்; ஆனால் நாவலாசிரியன் எவனும் பொறாமைப்படக்கூடிய ஊகம். அந்தக் காலத்தில் அராபிய வர்த்தகர்கள் குதிரைகளைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். வழியில் குதிரைக்குத் தீவனம் வேண்டுமே? கட்டு கட்டாக உலர்ந்த செடிகளையும் ஏற்றி வந்தார்கள். அந்தத் தீவனத்தோடு வந்த காட்டு விதைகள் இந்திய மணலில் விழுந்து முளைத்தன. இங்கே உள்ள குடியானவர்கள் அவற்றைப் பொறுக்கி, விதைத்து, பழக்கி, பயிராக்கிவிட்டார்கள் என்பது அவருடைய கொள்கை. அதாவது பிறந்தகத்தில் யாரும் சீந்தாத பெண், புக்ககத்தில் குடும்பத் தலைவியாகிவிட்டாள்.

குதிரை வியாபாரம் என்றதும் நமக்குக் காயல்பட்டினம் ஞாபகம் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் அரபுக் குதிரைகளுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தைப் பற்றியும், வந்த குதிரைகள் இங்கே பிழைக்காமல் செத்துப்போனதைப் பற்றியும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். குதிரைக்குச் சோறும் மாமிசமும் சமைத்துப் போட்டார்களாம்! ஒருவேளை கப்பலிலிருந்து இறங்கிய தீவனத்தையே தொடர்ந்து போட்டிருந்தால் பாண்டியன் பொக்கிஷம் மிச்சப்பட்டிருக்கும். ஆனால் செடி வேரூன்றிய இடம் நம் கடற்கரை அல்ல. வடமேற்கே, மழை பெய்யாத பூமி.

மழை பெய்யாத பூமி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ராஜஸ்தானத்தார் பஞ்சத்தைத் தரம் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தானியம் இல்லாமற்போனால் அது ஒரு பஞ்சம். தண்ணீர் இல்லாமற்போனால் இன்னொன்று. மாட்டுக்குப் புல் இல்லாமற்போனால் மூன்றாவது. மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் அதற்குத் 'திரிகால்' என்று பெயர். விக்கிரம சகாப்தம் 1956-இல், நம் கணக்கில் 1899-1900-இல், அப்படி ஒன்று வந்தது. ஐம்பத்தாறு என்பதைக் கொண்டு 'சப்பனியா' என்று அதைச் சொல்வார்கள். மனிதர்களும் மாடுகளும் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். வெகு காலம் வரையில் அங்கே தாய்மார்கள் குழந்தைகளைப் பயமுறுத்த அந்தப் பெயரையே உபயோகித்தார்களாம். பிகானீர் மகாராஜா கங்கா சிங் அப்போது பத்தொன்பது இருபது வயது இளைஞர். அவர் கண்ட காட்சி அவரை விடவில்லை. பஞ்சாபிலிருந்து சட்லெஜ் நதியின் தண்ணீரை மணலுக்குள் கொண்டுவரப் பல வருஷம் பாடுபட்டு, 1927-இல் கால்வாய் திறந்தார். அந்தக் கால்வாய்ப் பாசனத்தில் எழுந்த ஊர்தான் ஸ்ரீகங்காநகர். பிற்காலத்தில் குவார் வியாபாரத்துக்கு அதுவே ஒரு தலைநகரமானது சரித்திரத்தின் குறும்பு.

கால்வாய் எட்டாத ஊர்கள் எத்தனையோ! அங்கே குடியானவன் நம்புவது இந்தச் செடியைத்தான். ஆடி மாதத்து முதல் மழை விழுந்ததும் கம்போடும் பாசிப்பயறோடும் கலந்து இதை விதைப்பான். வேர் நேரே கீழே இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். மழை நடுவில் நின்றுவிட்டால் செடி சாகாமல் அப்படியே தவம் இருக்கும். மறுபடி தூறினால் கண் விழிக்கும். மூன்று நான்கு மாதத்தில் விளைந்துவிடும். உரம் கேட்காது, அவரைக் குலத்தில் பிறந்ததனால், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து நிலத்துக்கு உரம் வைத்துவிட்டுப் போகும். நல்ல மழையானால் விதை கிடைக்கும். ஹெக்டேருக்கு நான்கைந்து குவிண்டால், அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. மோசமான மழையானால் விதை கிடைக்காது. ஆனால் தழையும் தட்டையும் கிடைக்கும். ஆடு பிழைக்கும். ஆடு பிழைத்தால் வீடு பிழைக்கும். அத்தையின் தகர டின் இருக்கிறதே, அதைப்போலத்தான் இதுவும்.

இப்படிச் சிவனே என்று இருந்த செடியை உலக யுத்தம் வந்து தட்டி எழுப்பிற்று.

மத்தியதரைக் கடலோரத்தில் கரோப் என்று ஒரு மரம். அதன் விதையை எடை பார்க்கும் கல்லாக உபயோகித்ததால்தான் வைரத்துக்குக் 'காரட்' என்ற அளவு வந்தது. அந்த விதையிலிருந்து ஒரு பசை எடுத்து அமெரிக்கக் காகித ஆலைகள் உபயோகித்துவந்தன. இரண்டாவது யுத்தத்தில் மத்தியதரைக் கடல் போர்க்களமானதும் சரக்கு நின்றுபோயிற்று. கரோப் மரம் நட்டுக் காய்க்கும் வரையில் காகிதத்துக்குக் காத்திருக்க முடியுமா? மாற்றுத் தேடினார்கள். மண்ணுக்கு உரமாக உழுதுவிட ஆகுமா என்று பார்ப்பதற்காக 1903-லேயே இந்தியாவிலிருந்து தருவித்துப் பரிசோதனைப் பண்ணைகளில் போட்டு வைத்திருந்த குவார் அப்போது கண்ணில் பட்டது. விதையின் நடுவில் இருக்கும் வெண்மையான பகுதி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, முழுக்க முழுக்கப் பசை! மரத்துக்குப் பல வருஷம். இதற்கு நாலு மாதம். 1950-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் பசைத் தொழில் ஆரம்பமாகிவிட்டது. டெக்ஸாஸிலும் ஓக்லஹோமாவிலும் பயிரிட்டார்கள். ஆனாலும் ஆலைகளின் பசிக்கு அது போதவில்லை. பிற்பாடு ஜோத்பூரிலும் ஹரியானாவின் பிவானியிலும் ஆலைகள் கிளம்பின. விதையைப் பிளந்து, தோலையும் முளையையும் நீக்கி மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிட்டு, நடுப் பருப்பை மாவாக்கிக் கப்பலேற்றினார்கள்.

அந்த மாவில் ஒரு சிட்டிகை போதும், தண்ணீர் கூழாகிவிடும். ஐஸ்கிரீமில் பனிக்கட்டி நறநறவென்று பல்லில் படாமல் இருப்பதற்கு அதைச் சேர்க்கிறார்கள். துணிக்குச் சாயம் அச்சடிக்கும்போது சாயம் ஓடாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். உடம்பு இளைக்க விரும்பிய அமெரிக்கச் சீமாட்டிகளுக்கு மாத்திரையாகக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அது வயிற்றுக்குப் போகுமுன் தொண்டையிலேயே ஊதிக்கொண்டு சிலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால், 1990-களின் தொடக்கத்தில் அந்த நாட்டுச் சர்க்கார் அதற்குத் தடை போட்டது. நாம் குழந்தைகளிடம் ஐஸ்கிரீம் தின்னாதே, கொத்தவரங்காயைத் தின்னு என்கிறோம். இரண்டும் ஒன்றாகவே போய்க்கொண்டிருப்பது நமக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது.

இவையெல்லாம் சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரம் பூமிக்கு அடியில் காத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் பூமிக்குள் வெகு ஆழத்தில், களிமண் இறுகிப் பாறையான அடுக்குகளில், எண்ணெயும் வாயுவும் அடைபட்டுக் கிடக்கின்றன. சாதாரணக் கிணறு தோண்டினால் வராது. ஆகவே நேரே கீழே துளைத்து, பிறகு பக்கவாட்டில் வெகு தூரம் துளைத்து, தண்ணீரையும் மணலையும் பயங்கர அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விடச் செய்கிறார்கள். விரிசலில் மணல் போய் உட்கார்ந்து அது மூடிக்கொள்ளாமல் தாங்கவேண்டும். இந்த வித்தை வியாபார ரீதியில் 1949-லேயே ஆரம்பமானது. 2000-க்குப் பிறகுதான் அமோகமாகப் பெருகிற்று. இதில் ஒரு சங்கடம். மணலைத் தண்ணீரில் போட்டால் ரசத்தில் போட்ட பருப்பைப்போல் அடியில் தங்கிவிடும். கூட்டைப்போல் கெட்டியாக இருந்தால்தான் கூடவே போகும். தண்ணீரைக் கூட்டாக்குவதற்கு என்ன செய்வது? மார்வார்க் குடியானவனின் ஆட்டுத் தீவனத்தைக் கலக்க வேண்டியதுதான்! வேலை முடிந்ததும் வேறொரு மருந்தைச் செலுத்தினால் கூழ் நீர்த்து வெளியே வந்துவிடும். மணல் மட்டும் விரிசலில் நிற்கும். ஒரு கிணற்றுக்கே பல டன் பசை வேண்டும். கிணறுகளோ ஆயிரக்கணக்கில்.

2011-ஆம் வருஷத் தொடக்கத்தில் குவார் விதை குவிண்டால் 2,500 ரூபாய் அளவில் விற்றது. அறுவடைக்குள் விலை ஏற ஆரம்பித்துவிட்டது. 2012 மார்ச்சில் முப்பதாயிரத்தைத் தொட்டது! பசையோ குவிண்டால் லட்சத்தை நெருங்கிற்று. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் பதறிப்போய் வாங்கிக் குவித்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஜஸ்தானத்து வியாபாரிகளுக்கு இன்னொரு ரசனை உண்டு. கல்கத்தா படா பஜாரில் அவர்கள் ஒரு காலத்தில் கூரை வாய்க்காலில் மழைத் தண்ணீர் வழியுமா வழியாதா என்பதன்மேல் பணம் கட்டி விளையாடினார்கள். அதை நிறுத்துவதற்காக வங்காள சர்க்கார் 1897-இல் மழைச் சூதாட்டத் தடைச் சட்டம் என்றே ஒரு சட்டம் போடவேண்டியிருந்தது. இன்று அதே விளையாட்டுக்கு 'முன்பேர வர்த்தகம்' என்று கௌரவமான பெயரும், கம்ப்யூட்டரும் இருக்கின்றன. விதையைக் கண்ணால் பாராதவர்கள் அதை நூறு கை மாற்றினார்கள். கடைசியில் 2012 மார்ச் மாதக் கடைசியில் முன்பேரச் சந்தைகள் ஆணையம் குவார் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தது. மீண்டும் திறந்தது 2013 மே மாதத்தில்.

2012-13-இல் நம் தேசத்திலிருந்து ஏற்றுமதியான குவார்ப் பசையின் மதிப்பு 21,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வருஷம் பாஸ்மதி அரிசியையே அது மிஞ்சிவிட்டது. பாஸ்மதிக்கு எத்தனை நவாப்புகள், எத்தனை பிரியாணிகள்! கொத்தவரைக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேனே, இதோ வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் நிலைத்தார்களா என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்குப் பின் ஜோத்பூரிலிருந்து பிகானீருக்கு ரயிலில் போனேன். எதிர் ஆசனத்தில் ஒரு முதியவர். பெரிய முண்டாசு, காதில் கடுக்கன். நான் பள்ளிக்கூட நாளில் மத்யமா வரையில் ஹிந்திப் பரீட்சை எழுதித் தேறியவன். ஆனால் பரீட்சைக்கு வந்த ஹிந்தி வேறு, அவர் பேசிய மார்வாரி வேறு. பக்கத்திலிருந்த ஒரு கல்லூரி மாணவன் தயவில் சம்பாஷணை நடந்தது.

"அந்த வருஷம் உங்களுக்கு நல்ல யோகமாக இருந்திருக்குமே, தாதாஜி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். 2011-இல் அவருக்கு எட்டு மூட்டை விளைந்ததாம். மண்டிக்காரரிடம் விதைப்புக்கு வாங்கிய கடன் இருந்தது. பேத்தி கல்யாணம் வேறு. தீபாவளி கழிந்ததுமே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். விலை முந்தின வருஷத்தைப்போல் இரண்டு மடங்கு. சந்தோஷம் தாங்காமல் தெருவுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம்.

"ஹோலி வந்தபோது என் எட்டு மூட்டை இருந்தால் ஒரு டிராக்டருக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். பக்கத்து நிலத்துக்காரன் சோம்பேறி. மண்டிக்குப் போகச் சோம்பல்பட்டு மூட்டையை வீட்டிலேயே வைத்திருந்தான். அவன் மோட்டார் சைக்கிள் வாங்கினான்."

மறு வருஷம் அவர் விடவில்லை. கம்பு போடுகிற நிலத்திலும் குவாரே போட்டார். ஊரே அப்படித்தான் செய்தது. ராஜஸ்தானத்தோடு நிற்காமல், பார்த்திராத சீமைகளிலெல்லாம் விதைத்தார்கள். விதையைத் தங்க விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவர் மண்டிக்கு அவசரப்படவில்லை. மூட்டைகளை வீட்டில் அடுக்கி, மேலே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். விலை இறங்கிற்று. இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று பொறுத்தார், இன்னும் இறங்கிற்று. இதற்குள் அமெரிக்கக் கம்பெனிகள் செயற்கைச் சரக்குகளைக் கண்டுபிடித்துவிட்டன. பசை போடாமலே வழவழப்பான தண்ணீரைச் செலுத்தவும் பழகிவிட்டன. 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போயிற்று. கிணறு தோண்டுவதே நின்றது. 2015-16-இல் குவார்ப் பசை ஏற்றுமதி 3,000 கோடியைச் சிறிது தாண்டியதோடு சரி. விதை மறுபடி குவிண்டால் மூவாயிரத்துச் சொச்சம்.

"சவுதி அரேபியாவில் யாரோ எண்ணெயை அதிகமாக இறைத்தார்களாம். அதனால் என் மூட்டை விலை இறங்கிற்றாம். மண்டியில் சொன்னார்கள்" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை, பக்கத்து ஊரில் மழை பெய்த செய்தியைப்போல் சொன்னார்.

நமது பத்திரிகைகள் அந்த நாட்களில் குவார் லட்சாதிபதிகளின் படங்களை வெளியிட்டன. அவர்கள் பொய் மனிதர்கள் அல்லர். கூடாரத்தில் இருந்தவன் மாடி வீடு கட்டியதும், காரில் போனதும் உண்டு. ஆனால் அறுவடையன்றே கடனுக்கு அளந்து கொடுத்துவிடுகிறவனுக்கு, நான்கு மாதம் கழித்து ஏறும் விலையால் என்ன லாபம்? ஏற்றத்துக்குக் காத்திருக்க வசதி உள்ளவனுக்கே ஏற்றம். இறக்கத்துக்கு மட்டும் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. இந்தக் கணக்கை 21,000 கோடியில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"இப்போது நிலத்தில் என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"குவார்தான்."

"இவ்வளவுக்கும் பிறகா?"

என் கேள்வி அவருக்கு விநோதமாக இருந்ததென்று நினைக்கிறேன். மாணவனிடம் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, "ஆடு இருக்கிறதே!" என்றார்.

நாகோர் தாண்டியதும் அவர் துணி மூட்டையை அவிழ்த்தார். கம்பு ரொட்டி, சிவப்பு மிளகாய்த் துவையல், அதன் பக்கத்தில் ஏதோ சுருண்டு கறுத்த குச்சிகள். "சாப்பிடுங்கள்" என்று என் கையில் கொஞ்சம் வைத்தார். கடித்துப் பார்த்தேன். உப்பும் மொறுமொறுப்பும் அந்த லேசான கசப்பும்! அவர்களும் குவார்க் காயை வெயிலில் உலர்த்தி வைத்துப் பொரிக்கிறார்கள். மாடியும் வேஷ்டியும் காக்கையும் ஒரு கணம் கண்முன் வந்து போயின.

நோகாவில் அவர் இறங்க எழுந்தபோது, வெட்கத்தை விட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.